ஐம்பது நிமிஷம் முந்தி வந்த நிலா

போர்ட் பிளேயரில் டெய்ரி ஃபார்ம் மேட்டில் நின்றால் கிழக்கே கடல் தெரியும். கல்யாணமாகி இந்தத் தீவுக்கு வந்த இரண்டாம் வருஷம், ஒரு சங்கடஹர சதுர்த்தியன்று, கொழுக்கட்டைத் தூக்குச்சட்டியோடு கோவிலுக்கு இறங்கிக்கொண்டிருந்தபோது நிலாவைப் பார்த்தேன். கடலை விட்டு இரண்டு முழம் ஏறி, மஞ்சளாக, நன்றாகவே தெரிந்தது. பத்து நிமிஷம் நடந்து பிள்ளையார் கோவில் மண்டபத்துக்குள் நுழைந்தால், அங்கே முப்பது பெண்கள் காலையிலிருந்து பச்சைத் தண்ணீரோடு விரதமிருந்து, ஒரு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். சுவரில் கரும்பலகை. ‘இன்று சந்திரோதயம் மணி 8.52’ என்று சாக்பீஸில் எழுதியிருக்கிறது. கடிகாரம் எட்டரை காட்டுகிறது. “நிலா வந்துட்டே” என்றேன். பக்கத்தில் இருந்தவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “இன்னும் வரலக்கா, போர்டைப் பாருங்க” என்றாள்.

ஊரில் இருக்கிற நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். பௌர்ணமி கழிந்து வருகிற தேய்பிறைச் சதுர்த்தியில், பகல் முழுக்கச் சாப்பிடாமல் இருந்து, நிலா எழுந்ததும் பிள்ளையாருக்குத் தீபாராதனை பார்த்து விரதம் முடிப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். நீங்கள் மொட்டைமாடிக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு இறங்கி வந்து சாப்பிடுவீர்கள். இங்கே வருஷத்தில் பாதிக்கு மேல் மழை. எங்கள் கோவிலோ மேட்டுக்கும் மரங்களுக்கும் நடுவே பள்ளத்தில் இருக்கிறது. நிலா உச்சிக்கு வந்தால்தான் கண்ணில் படும். ஆகவே எங்கள் ஆட்கள் வானத்தை விட்டுவிட்டுப் பலகையைப் பிடித்துக்கொண்டார்கள். பலகையில் எழுதுகிறவர் கோவில் கமிட்டிக் காரியதரிசி சுந்தரம் சார். ஒரு சர்க்கார் ஆபீசில் ஹெட் கிளார்க். அவர் பார்த்து எழுதுவது சென்னையில் அச்சான பஞ்சாங்கம். அது கப்பலில் வர வேண்டும். சில வருஷம் சித்திரையில் வர வேண்டியது வைகாசியில் வந்து சேரும். வந்ததும் சார் அதற்கு அட்டை போட்டு, ஆபீஸ் ஃபைலுக்குக் கட்டுகிற சிவப்பு நாடாவைக் கட்டி வைத்துக்கொள்வார்.

அன்றைக்கே அவரிடம் போய்க் கேட்டேன். “சார், வெளியில நிலா நல்லாத் தெரியுது. நான் பாத்துட்டுத்தான் வாரேன்.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஏம்மா, கண்ணுக்குத் தெரியறது வேற, சாஸ்திரப்படி உதிக்கிறது வேற. இது அச்சுல வந்திருக்கு. உன் கண்ணை நம்பி நான் போர்டை மாத்த முடியுமா?” முப்பது பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு முகம் சுட்டது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். அது என் வழக்கம் இல்லை என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

உண்மையில் நேரம் விஷயத்தில் எனக்கு அப்போது கொஞ்சம் கெட்ட பெயர் இருந்தது. தீவுக்கு வந்த முதல் வாரம் நான் செய்த காரியம் அப்படி. சித்திரை கடைசியில் கப்பல் இறங்கினோம். மறுநாள் விழித்தால் ஜன்னலில் வெயில் அடிக்கிறது. டைம்பீஸைப் பார்த்தால் ஐந்தேகால். கப்பல் ஆட்டத்தில் கடிகாரம் பழுதாகிவிட்டது என்று நினைத்தேன். எங்கள் பாளையங்கோட்டையில் இந்த வெயில் என்றால் ஆறேகால். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சாவியைத் திருகி ஆறேகால் ஆக்கி வைத்தேன். மரைன் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருக்கிற என் வீட்டுக்காரர் எழுந்து, கடிகாரத்தைப் பார்த்துப் பதறி, பாதி இட்லியோடு ஓடினார். அங்கே கேட் பூட்டியிருந்தது. ஒரு மணி நேரம் மதிலோரம் நின்றிருக்கிறார். சாயங்காலம் வந்து, “ஏளா, சூரியனைப் பாத்துக் கடியாரம் வைக்க நீ என்ன கோழியா?” என்றார். ஒர்க்‌ஷாப் முழுக்க அந்தக் கதை பரவியது. மெயின்லேண்டிலிருந்து புதிதாக வருகிற எவரும் முதல் வாரத்தில் இந்தத் தப்பைச் செய்யத்தான் செய்வார்கள் என்பது பின்னால் தெரிந்தது. கடிகாரம் இந்தியா முழுமைக்கும் ஒன்று. சூரியன் எங்களுக்கு முதலில் வந்துவிடுகிறது. எல்லாரும் அதற்குப் பழகிக்கொள்கிறார்கள். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. நானும்தான் கேட்கவில்லை.

கேட்க வைத்தவள் செல்லம். லம்பா லைனில் இருந்தாள், இராமநாதபுரத்துப் பெண். அவள் புருஷன் மாயாபந்தரில் காட்டிலாகா லாஞ்சில் வேலை, மாதத்துக்கு ஒரு தடவை வந்து போவான். இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்காமல் போய்விட்டன. மூன்றாவது உண்டானதும், பெற்று எடுக்கிற வரைக்கும் எல்லாச் சதுர்த்திக்கும் விரதம் இருக்கிறேன் என்று பிள்ளையாரிடம் நேர்ந்துகொண்டாள். ஆஸ்பத்திரி டாக்டரம்மா, ரத்தம் கம்மி, பட்டினி கிடக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். நானும் சொன்னேன். சும்மா சொல்லவில்லை, திட்டினேன். “அக்கா, கஞ்சியை நேரத்துக்குக் குடின்னு சொல்லுங்க, குடிக்கேன். மாத்திரை திங்கச் சொல்லுங்க, திங்கேன். விரதத்தை மட்டும் விடச் சொல்லாதீக” என்றாள்.

ஆடி பிறந்து வந்த சதுர்த்தியில் பலகையில் 9.05 என்று எழுதியிருந்தது. வெளியே அடைமழை. மண்டபத்துத் தகரக் கூரையில் பக்கத்தில் பேசுகிறவள் குரல் கேட்காத சத்தம். எட்டரை மணி இருக்கும், என் தோளில் சாய்ந்தபடி செல்லம் மெதுவாகச் சரிந்தாள். ஐந்து மாதப் பிள்ளைத்தாச்சி. கை சில்லென்று இருந்தது. தண்ணீர் தெளித்து, தூக்கி உட்கார வைத்து, வாயில் ஒரு துண்டு வெல்லத்தைப் போடப் போனேன். கண்ணைத் திறக்காமலே உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். “நிலா வரட்டும்” என்றாள். இன்னும் முப்பத்தைந்து நிமிஷம் அந்தப் பிள்ளை என் மடியில் கிடந்தது. ஒன்பது அடித்து ஐந்து நிமிஷம் ஆனதும் மணி ஆட்டினார்கள். அந்த மேகத்துக்குப் பின்னால் நிலா எப்போதோ வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அவளைச் சாப்பிட வைக்க முடியவில்லை. வீட்டுக்குப் போய் அழுதேன். என் வீட்டுக்காரர், “அச்சுப் புஸ்தகத்தோட ஒனக்கு என்ன சண்டை, போய்த் தூங்கு” என்றார். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அந்த வார்த்தைதான் எனக்கு வழி காட்டியது. சாருக்கு அச்சுதான் வேண்டும் என்றால், நானும் ஓர் அச்சுப் புத்தகம் கொண்டுவருகிறேன்.

புத்தகத்துக்கு எங்கே போவது? தீவில் அப்போது காலேஜ் வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. அதன் லைப்ரரி வாசலில், நிபந்தனைகளுக்கு உட்பட்டுப் பொதுமக்களும் உள்ளே உட்கார்ந்து படிக்கலாம் என்று ஒரு நோட்டீஸ் உண்டு. கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் வந்த சமயத்தில், கோழி வளர்ப்புப் புத்தகம் கிடைக்குமா என்று அந்தப் பக்கம் போய், வாசலில் நோட்டீசைப் படித்துவிட்டு, உள்ளே இருந்த பையன்களையும் பேன்ட் போட்ட வாத்தியார்களையும் பார்த்துப் பயந்து திரும்பியிருக்கிறேன். பதினோரு கோழியும் செத்தன. இந்தத் தடவை பயப்படுவதில்லை என்று முடிவு செய்தேன். நல்ல சேலை கட்டிக்கொண்டு, மதியம் சோறாக்கி வைத்துவிட்டுப் போனேன்.

வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த பியூன் கையை நீட்டி மறித்தான். “ஸ்டூடண்ட் ஹை?” “நஹி.” “ஸ்டாஃப்?” “நஹி.” “தோ பாஹர்.” அப்படியானால் வெளியே நில் என்கிறான். நான் நோட்டீசைக் காட்டினேன். எழுத்துக் கூட்டி, விரல் வைத்து, ‘பப்ளிக்’ என்ற இடத்தில் இரண்டு தட்டுத் தட்டினேன். “ஹம் பி பப்ளிக் ஹை” என்றேன். நானும் பப்ளிக்தான். என் ஹிந்தி தீவு ஹிந்தி. அதில் இலக்கணம் இருக்காது, குரல் மட்டும் இருக்கும். உள்ளே இருந்து லைப்ரேரியன் எழுந்து வந்தார். வங்காளி, மெலிந்த மனிதர், மேலெல்லாம் மூக்குப்பொடி வாசம். அவனைப் பார்த்து, விடு என்று கையசைத்தார்.

“கியா சாஹியே, தீதி?” என்ன வேண்டும் அக்கா என்கிறார். எனக்கு என்ன வேண்டும் என்பதை ஹிந்தியில் எப்படிச் சொல்வது? “சாந்த் கா கிதாப்” என்றேன். நிலாவைப் பற்றிய புத்தகம். அவர் முகம் மலர்ந்தது. பீரோவைத் திறந்து, பெரிய படப் புத்தகம் ஒன்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். நிலாவில் மனிதன் இறங்கியது, கொடி நட்டது, கல் பொறுக்கியது, எல்லாம் வண்ணத்தில். நான் பக்கங்களைப் புரட்டிவிட்டு மூடினேன். “ஏ நஹி. ஹமாரா சாந்த். போர்ட் பிளேயர் கா.” எங்கள் நிலா, போர்ட் பிளேயர் நிலா. அவர் சிரித்துவிட்டார். “சாந்த் தோ ஏக் ஹி ஹை, தீதி.” நிலா ஒன்றுதானே என்கிறார். “சாந்த் ஏக். டைம் தோ” என்றேன், இரண்டு விரலைக் காட்டி. நிலா ஒன்று, நேரம் இரண்டு. அவர் சிரிப்பை நிறுத்தினார். பிறகு பெரிய அட்லஸைக் கொண்டுவந்து மேஜையில் விரித்தார்.

மழைக்காற்றில் ஊதிப்போன அட்லஸ் அது. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அவர் ஒரு ஸ்கேலை வைத்து ஒட்டியதைப் பிரித்துக் கொடுத்துவிட்டுத் தன் வேலைக்குப் போய்விட்டார். நான் வரைபடத்தில் சென்னையைத் தேடினேன். பிறகு எங்களைத் தேடினேன். பள்ளிக்கூடத்தில் படித்தபோது இந்தத் தீவுகள் வரைபடத்தின் ஓரத்தில், பேனா மை தெறித்தது போலக் கிடக்கும். அங்கே ஆள் இருப்பார்கள் என்றே நான் நினைத்ததில்லை. சென்னைக்கும் போர்ட் பிளேயருக்கும் நடுவில் விரலை வைத்துக் கோடுகளை எண்ணினேன். எண்பதே கால். தொண்ணூற்று இரண்டே முக்கால். வித்தியாசம் பன்னிரண்டரை டிகிரி. அப்போதுதான் எஸ்.எஸ்.எல்.சி.யில் பூகோள டீச்சர் மண்டையில் குட்டிக் குட்டி மனப்பாடம் செய்ய வைத்த வரி ஞாபகம் வந்தது: ஒரு டிகிரிக்கு நாலு நிமிஷம். அதை நான் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். எதற்கு என்று தெரியாமலே வாங்கிய மார்க். பன்னிரண்டரையை நாலால் பெருக்கினேன். ஐம்பது. மறுபடி பெருக்கினேன். ஐம்பதுதான். டைம்பீஸ், பூட்டிய கேட், மேட்டில் பார்த்த மஞ்சள் நிலா, செல்லத்தின் சில்லிட்ட கை, எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கு. அந்த மேஜையில் உட்கார்ந்து அடேயப்பா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

மறுநாளும் போனேன். பியூன் மறிக்கவில்லை. இப்போது கணக்கு கையில் இருந்தது, அச்சுதான் இல்லை. நான் காகிதத்தில் எழுதியதையெல்லாம் லைப்ரேரியன் பாபுவிடம் காட்டி, படம் வரைந்து, சூரியனுக்கு ஒரு வட்டமும் நிலாவுக்கு ஒரு வட்டமும் போட்டுப் பேசினேன். அவருக்கு எங்கே புரிந்ததோ தெரியாது, கப்பல்காரர்கள் பார்க்கிற அலை அட்டவணைப் புத்தகத்தை எடுத்துவந்தார். எந்த நாளில் எந்த மணிக்குக் கடல் ஏறும், எப்போது வற்றும் என்பது அதில் நாள்வாரியாக அச்சாகியிருந்தது. பின்பக்கங்களில் சூரியனும் சந்திரனும் எழுகிற நேரம், விழுகிற நேரம். மேலே கொட்டை எழுத்தில் ‘போர்ட் பிளேயர்’. இந்த ஊரின் பெயர் ஓர் அச்சுப் புத்தகத்தின் தலையில், வேறு ஊருக்கு வால் போல இல்லாமல், தன்பாட்டில் இருக்கிறதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அடுத்த சதுர்த்திக்கு விரலை ஓட்டினேன். 7.52. சாருடைய பஞ்சாங்கத்தில் அன்றைக்கு 8.44 என்று ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தேன். என் கணக்குப்படி 7.54 வர வேண்டும். இரண்டு நிமிஷம் ஏன் உதைத்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதை நான் சாரிடம் சொல்லவும் இல்லை.

புத்தகத்தை வெளியே தர மாட்டார்கள். அந்தப் பக்கத்தை அப்படியே ஒரு முழுத்தாளில் பார்த்து எழுதினேன். எழுதி முடித்ததும் சாரின் குரல் காதில் கேட்டது: கையால யார் வேணா எழுதலாம்மா. ஹெட் கிளார்க்கை ஜெயிக்க ஒரே வழிதான் உண்டு என்று இந்தத் தீவில் நாலு வருஷம் இருந்த எவருக்கும் தெரியும். இங்கே ரேஷன் கார்டிலிருந்து கப்பல் டிக்கெட் வரை ‘ட்ரூ காப்பி’ என்று எழுதி ஒரு முத்திரை விழாமல் எதுவும் அசையாது. தாளை லைப்ரேரியன் பாபுவிடம் நீட்டி, “முஹர் லகாவோ” என்றேன், முத்திரை குத்து என்று. அவர் திகைத்தார். “சாந்த் கா சர்டிஃபிகேட்?” நிலாவுக்குச் சான்றிதழா? “மந்திர் கே லியே” என்றேன். கோவிலுக்கு. அதற்கு அதிகாரம் தனக்கு இல்லை என்று ஏதேதோ சொன்னார். நான் நகரவில்லை. கடைசியில் தாளையும் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வோர் எண்ணாகச் சரிபார்த்தார். ஓர் இடத்தில் நான் 3-ஐ 8 என்று எழுதியிருந்ததைத் திருத்தினார். கீழே, புத்தகத்தில் உள்ளபடியே இருக்கிறது என்று இங்கிலீஷில் எழுதி, கையெழுத்துப் போட்டு, புத்தகங்களின் முதல் பக்கத்தில் குத்துகிற லைப்ரரியின் வட்ட முத்திரையைக் குத்தினார். ஊதா மை காய்கிற வரை நான் தாளை மடிக்கவில்லை.

சுந்தரம் சார் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முத்திரையைப் பார்த்தார். கையெழுத்தைப் பார்த்தார். மேஜையில் வைத்து உள்ளங்கையால் தேய்த்து நீவினார். “இது எங்கேருந்து வாங்கினே?” “காலேஜ் லைப்ரரியில சார். அச்சுப் புஸ்தகம். சாஸ்திரம் படிச்சவங்க போட்டது இல்ல, கப்பல் ஓட்டுதவங்க போட்டது. தப்பா இருந்தா கப்பல் தரை தட்டிரும்.” அவர் தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். “கமிட்டி கூடறப்போ கொண்டு வா, வைக்கிறேன்” என்றார். கமிட்டி எப்போது கூடும் என்று கேட்டேன். அடுத்த மாதம் என்றார். சதுர்த்திக்கு நாலு நாள்தான் இருந்தது. அது மகா சங்கடஹர சதுர்த்தி வேறு. ஆறு மாதக் கர்ப்பிணி கமிட்டி கூடுகிற வரை பட்டினி கிடப்பாளா?

அன்றைக்கு மண்டபம் நிறைந்திருந்தது. மழை இல்லை, ஆனால் வானம் மூடிக் கிடந்தது. பலகையில் சார் வழக்கம் போல 8.44 எழுதியிருந்தார். நான் ஒரு மணையைப் போட்டு ஏறி, ஈரத் துணியால் அதை அழித்தேன். 7.52 என்று எழுதி, கீழே முத்திரை குத்திய தாளைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டினேன். மணை ஆடியது. அதனால் எண் கோணலாக விழுந்தது. சார் எழுந்து நின்றார். “யாரைக் கேட்டு அழிச்சே?” “யாரையும் கேக்கல சார். போன மாசம் இவ இங்க மயங்கி விழுந்தப்போ நிலா வந்து கால் மணி ஆச்சு. நம்ம யாரும் சோறு போடல. மறுபடி விழுந்தா கமிட்டி வந்து தூக்குமா?”

மணி 7.52 ஆனது. “நிலா வந்தாச்சு” என்றேன். ஒருத்தரும் அசையவில்லை. செல்லம் என்னைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், சாரைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. கையில் இருந்த கொழுக்கட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். “அக்கா, நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும். ஆனா விரதம் பங்கப்பட்டுப் போச்சுன்னா...” ஏற்கெனவே போன இரண்டையும் நினைத்திருப்பாள். நான் தோற்றுவிட்டேன் என்றே நினைத்தேன். கணக்குச் சரி, அச்சு சரி, முத்திரை சரி. இந்தப் பயத்துக்கு எந்த லைப்ரரியில் புத்தகம் கிடைக்கும்?

அப்போது குருக்கள் கர்ப்பக்கிருகத்திலிருந்து வெளியே வந்தார். கையைத் துடைத்துக்கொண்டே தாளின் முன்னால் நின்று, கண்ணைச் சுருக்கி மேலிருந்து கீழ்வரை படித்தார். “எனக்கும் கார்த்தாலேர்ந்து ஒண்ணும் இல்லை” என்றார் பொதுவாக. “முந்தாநாள் நானே எங்காத்து வாசல்ல பார்த்தேன், பஞ்சாங்கத்துல சொல்றதுக்கு முன்னாடியே மேல வந்துடறது. சொன்னா யார் நம்பப் போறான்னு பேசாம இருந்துட்டேன். சுவாமி இங்கதானே இருக்கார்? அவருக்கு இங்கத்து நிலாதான்.” உள்ளே போனார். தீபாராதனை மணி அடித்தது. செல்லம் கன்னத்தில் போட்டுக்கொண்டு, கொழுக்கட்டையை எடுத்துக் கடித்தாள். சுற்றிலும் தூக்குச்சட்டிகளின் மூடி திறக்கிற சத்தம்.

சுந்தரம் சார் மட்டும் சாப்பிடவில்லை. எல்லாரும் போன பிறகும் தூணோரம் உட்கார்ந்திருந்தார். வீம்பு என்று நினைத்து, இரண்டு வார்த்தை கேட்டுவிடலாம் என்று பக்கத்தில் போனேன். “என்ன சார், இன்னும் முத்திரை பத்தலையா?” அவர் கோபப்படவில்லை. “எங்கம்மா மாம்பலத்துல இருக்கா” என்றார். “எண்பது வயசு. இந்த விரதத்தை விடமாட்டேங்கறா. இன்னிக்கு எட்டு நாப்பத்து நாலுக்கு மாடிப்படி ஏறி, நிலாவைப் பார்த்துட்டு, அப்புறம்தான் சாப்பிடுவா. நான் இங்க வந்து பத்தொம்பது வருஷம் ஆச்சு. மாசத்துல இந்த ஒரு வேளைதான் அவளும் நானும் ஒரே நேரத்துல சாப்பிடறோம்.” நானும் தூணோரம் உட்கார்ந்தேன். ஆனால் விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. “அது ஒங்க அம்மா சார். அதுக்காவ இந்தப் புள்ளையள் எல்லாம் பட்டினி கெடக்கணுமா?” என்றேன். “கூடாதுதான்” என்றார். 8.44 வரை அவரோடு உட்கார்ந்திருந்து, என் சட்டியில் மிச்சமிருந்த இரண்டு கொழுக்கட்டையை அவருக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த சதுர்த்தியில் பலகையில் இரண்டு நேரம் இருந்தது. ‘போர்ட் பிளேயர்’ மேலே, ‘மெயின்லேண்ட்’ கீழே. சார் கையெழுத்துதான். செல்லத்துக்குக் கார்த்திகையில் பெண் குழந்தை பிறந்தது. நிலா முந்தி வந்ததால் பிழைத்தது என்று சொல்ல நான் மடச்சி இல்லை. டாக்டரம்மாவின் மாத்திரையும் அவள் புருஷன் லீவு போட்டு வந்து ஆக்கிப் போட்ட மீன்குழம்பும் காரணம். சந்திரா என்று பெயர் வைக்கச் சொல்லி எல்லாரும் நச்சரித்தார்கள். அவள் மாமியார் பெயரை வைத்தாள். நான் லைப்ரரியை விடவில்லை. வருஷா வருஷம் பன்னிரண்டு சதுர்த்திக்கும் நேரம் எழுதி வருவது என் வேலை ஆயிற்று. பிரதோஷத்துக்கும் அதே சண்டையைப் போட்டேன். மார்கழியில் ஐந்தரைக்கெல்லாம் இங்கே இருட்டிவிடும்போது ஆறு மணி வரை அந்திவேளை என்று எப்படிச் சொல்வது? கோழி வளர்ப்புப் புத்தகத்தை மூன்று நாள் உட்கார்ந்து படித்தேன். இப்போது முப்பது கோழி நிற்கிறது, ஊசி போட்ட கோழி. அலை அட்டவணையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் நன்றாக வற்றுகிற மணியைக் குறித்துவந்து, லம்பா லைன் பெண்களோடு மட்டிச் சிப்பி பொறுக்கப் போகிறேன். விரதப் புத்தகமும் வயிற்றுப்பாட்டுப் புத்தகமும் எனக்கு ஒன்றுதான். பியூன் இப்போது என்னைக் கண்டால் ஸ்டூலை விட்டு எழுந்து, “பப்ளிக் ஆ கயா” என்கிறான். பப்ளிக் வந்துவிட்டது என்று கேலி. பரவாயில்லை, வந்துவிட்டதுதான்.

இங்கே வந்து குடியேறியவர்களில் பலர், எல்லாம் ஊரில் போலவே நடக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார்கள். ஊரில் இருக்கிற நீங்களோ, அங்கே நடப்பதுதான் சரி, இங்கே நாங்கள் செய்வது ஏதோ நகல் என்று கடிதம் எழுதுகிறீர்கள். என் தம்பியும் எழுதினான்: அக்கா, சம்பிரதாயத்தை மாத்துறியாமே. நான் எதையும் மாற்றவில்லை. நிலாவைப் பார்த்துச் சாப்பிடு என்றார்கள். என் தலைக்கு மேல் வருகிற நிலாவைப் பார்த்துச் சாப்பிடுகிறேன். இதைக் கேட்டு யாருக்குக் கோபம் வந்தாலும் எனக்குச் சம்மதமே.

போன வருஷம் லீவில் பாளையங்கோட்டை போயிருந்தேன். சதுர்த்தி வந்தது. சாயங்காலமே மொட்டைமாடிக்கு ஏறிவிட்டேன். தம்பி பெண்டாட்டி வடிவு கொழுக்கட்டைத் தட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். வானம் பளிச்சென்று இருந்தது, நிலா இல்லை. ஏழு ஐம்பதுக்கெல்லாம் என் வயிறு கூவ ஆரம்பித்துவிட்டது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அங்கே பள்ளத்துக் கோவிலில் இப்போது மணி அடிக்கும். செல்லம் இடுப்பில் பிள்ளையோடு சட்டியைத் திறப்பாள். “என்ன மைனி, மணியவே பாக்கியோ? நிலா வர இன்னும் ஒரு மணி நேரம் ஆவுமே” என்றாள் வடிவு. “எங்க ஊர்ல வந்துட்டு” என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. பிறந்த வீட்டு மாடியில் நின்றுகொண்டு சொல்கிறேன். வடிவு ஒரு மாதிரி பார்த்துவிட்டு, “அப்பொ சாப்பிடுங்க” என்றாள். சாப்பிடலாமா? நின்ற இடத்து நிலாதான் கணக்கு என்று பலகையை அழித்தவள் நான். அப்படிப் பார்த்தால் இங்கத்து நிலாவுக்குத்தான் காத்திருக்க வேண்டும். தூணோரம் தனியாக உட்கார்ந்திருந்த சுந்தரம் சார் நினைவுக்கு வந்தார். ஒரு கொழுக்கட்டையை எடுத்தேன். பாதியைக் கடித்துத் தின்றேன். மிச்சப் பாதியை, எட்டே முக்காலுக்குப் பிறகு வடிவு தென்னை மரத்துக்குப் பின்னால் நிலாவைக் காட்டுகிற வரைக்கும், கையிலேயே வைத்திருந்தேன்.